சுறாவுக்கு முழு மீன்

1

கால்நடை மருத்துவர் எங்கள் நாயின் விலா எலும்புகளை விரலால் தடவிக்கொண்டே சொன்னார்: "இனி மீன் மட்டும். பச்சையாக. வேறு எதுவும் வாயில் படக் கூடாது."

நான் பதில் சொல்லவில்லை. எனக்குப் பிரெஞ்சு புரியவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார். அதையே இன்னும் மெதுவாக, இன்னும் சத்தமாக, காது மந்தமானவரிடம் சொல்வதுபோல மறுபடி சொன்னார். பக்கத்தில் நின்ற என் மகள் இனியாவுக்கு ஏழு வயது. அம்மாவுக்குப் புரியவில்லை என்று பிறர் நினைப்பது அவளுக்கு வெட்கம். என் கையை இழுத்து, "மமான், மீன். மீன் கொடுக்க வேண்டுமாம்" என்று அவளும் பிரெஞ்சில் சொன்னாள்.

எனக்குப் பிரெஞ்சு நன்றாகவே தெரியும். புதுச்சேரி கடற்கரையில் வைத்திக்குப்பம் எங்கள் ஊர். அங்கே எங்கள் குடும்பத்திலிருந்து பள்ளிக்கூட வாசல் மிதித்த முதல் ஆள் நான். அப்பா கைநாட்டு, அம்மா கைநாட்டு. நான் உயிரியல் படித்தேன். மாலையில் பிரெஞ்சு வகுப்புக்குப் போனேன். இன்று பாரிசுக்கு வடக்கே ஒரு புறநகரில், குடிநீரைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வெள்ளைக் கோட்டு போட்டு வேலை செய்கிறேன். எனக்கு யாரும் மெதுவாகச் சொல்ல வேண்டியதில்லை. நான் பேசாமல் இருந்த காரணம் வேறு.

எங்கள் வீட்டுக்குள் மீன் வந்து பத்து மாதம் ஆகியிருந்தது.

புதுச்சேரியில் இருக்கும் உங்களில் பலருக்கு இது புதிதாக இருக்கலாம். உங்கள் வீட்டுத் தெருவைத் தாண்டினால் எங்கள் குப்பம்தான், ஆனாலும் தெரிந்திருக்காது. கடலுக்குப் போனவர் திரும்பாமல், உடலும் கரை ஒதுங்காமல் போனால், அந்த வீட்டில் ஒரு வருஷத்துக்கு மீன் சமைக்க மாட்டார்கள். ஏன் என்று யாரும் வாயால் சொல்வதில்லை. சின்னப் பிள்ளையாக இருந்தபோது பக்கத்து வீட்டில் அப்படி ஒரு வருஷம் நடந்தது. எங்கள் வீட்டுக் குழம்பை எடுத்துக்கொண்டு போன என்னை அம்மா வழியிலேயே மறித்து இழுத்து வந்தாள். காரணம் கேட்டேன். அடி விழுந்தது. பிறகு நானாகவே புரிந்துகொண்டேன். ஒரு மனிதனைக் கடல் எடுத்துக்கொண்டால், அந்தக் கடலில் இருப்பது மீன்தான்.

போன வருஷம் எடுத்துக்கொண்டது என் அப்பாவை.

மருத்துவர் காத்திருந்தார். மேசைமேல் நாய் நடுங்கிக்கொண்டு நின்றது. "மீன் வாங்குவதில் ஏதாவது சிரமமா, மேடம்?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

2

அந்த நாய்க்குச் சுறா என்று பெயர் வைத்தவர் அப்பாதான்.

நாங்கள் அதைக் கொண்டுவந்தபோது இரண்டு உள்ளங்கைகளில் அடங்கும் குட்டி. சாம்பல் நிறம், கால்கள் மட்டும் வெள்ளை. அன்று ஞாயிற்றுக்கிழமை, வீடியோ அழைப்பு நாள். அப்பாவுக்குப் போனை எப்படிப் பிடிப்பது என்று கடைசிவரை பிடிபடவில்லை. பாதி நேரம் அவர் காது தெரியும், பாதி நேரம் வானம் தெரியும். அன்று அதிசயமாக முகம் தெரிந்தது. பின்னால் கரையில் ஏற்றி வைத்த பைபர் போட்டுகள்.

"இன்னா பாப்பா அது, எலிக்குட்டியா?"

"நாய்ப்பா. இனியாவுக்கு வாங்கனோம்."

"கையப் போட்டுக் கடிக்குது பாரு. பல்லப் பாரு பல்ல. சுறாக் குட்டி மாதிரி இருக்குது. சுறான்னே வை."

இனியா சொல்லிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு நாக்கு. அவள் வாயில் 'றா' தொண்டைக்குள் போய் உருண்டு வந்தது.

"தே, உம் பேத்தி இன்னாமே காறித் துப்புற மாதிரி சொல்லுது" என்று அப்பா பக்கத்தில் திரும்பிச் சொல்ல, அம்மாவின் குரல் மட்டும் கேட்டது: "அதுங்க ஊர்ல அப்படித்தான் பேசுவாங்களாம். நீ சரியா பிடி போன."

இனியாவுக்குத் தமிழ் புரியும். பேச மாட்டாள். நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் வரும். தாத்தாவிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் ஞாயிறுகளில் போனுக்கு முன்னால் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சுறா வந்த பிறகு அது மாறியது. இருவருக்கும் பேச ஒரு பொருள் கிடைத்தது. அப்பா அங்கிருந்து, "சுறா, உக்காரு!" என்று கத்துவார். குட்டி போனுக்குப் பின்னால் போய் ஆளைத் தேடும். இனியா விழுந்து விழுந்து சிரிப்பாள். பிறகு அவளும் அதே குரலில் கத்துவாள்: "உக்காருடா! டேய், வா இங்க! சீ, வுடு அத!" எல்லாம் அப்பாவின் சொற்கள், எங்கள் கரையின் இழுப்போடு. அவள் தமிழ் பேசுவதைக் கேட்க வேண்டுமென்றால் நான் அடுத்த அறையில் நிற்க வேண்டும், அவள் நாயோடு இருக்க வேண்டும்.

ஒருமுறை அதன் தட்டில் இருந்த உலர் உருண்டைகளைப் பார்த்துவிட்டு அப்பா கேட்டார்: "இன்னாடி இது, கோழித் தீனியா? பச்ச மீன் ரெண்டப் போடு. நம்ம கரையில திரியிற நாயிங்களப் பாரு, எப்படி இருக்குது."

"அப்பா, இது டாக்டர் சொன்ன சாப்பாடு. எல்லாச் சத்தும் இதுல அளவா இருக்கு."

"சரிம்மா. நீ படிச்சவ" என்று சிரித்தார்.

அப்பா சொன்னதுதான் சரியாகப் போயிற்று என்று இங்கே எழுதினால் அழகாக இருக்கும். அது உண்மை இல்லை. நம் கரையின் நாய்களுக்குச் சொறியும் உண்டு, குட்டியிலேயே சாவும் உண்டு. சுறாவுக்கு வந்தது வேறு. அதன் குடல் எதையும் ஏற்கவில்லை. தோல் சிவந்து முடி கொட்டியது. தின்றதெல்லாம் தண்ணீராகப் போனது. கோழி, மாடு, தானியம் என்று ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தார்கள். முயல், வாத்து கூடக் கொடுத்துப் பார்த்தோம். ஒன்றரை வயது நாய், தோலுக்குள் எலும்பு உருவி வைத்ததுபோல் ஆனது. மீன்தான் கடைசி வழி என்றார் மருத்துவர். அதற்கும் அடங்காவிட்டால் என்ன என்பதை இனியா இருந்ததால் சொல்லவில்லை.

3

அப்பாவைக் கடல் எடுத்துக்கொண்ட அன்று நடந்ததைச் சொல்ல அதிக வார்த்தை தேவையில்லை. மூன்று பேர் கடலுக்குப் போனார்கள், இரண்டு பேர் வந்தார்கள். அலையில் அந்தப் போட்டு கவிழ்ந்தது. இரண்டு பேர் அதைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்கள். அப்பாவின் குரல் கொஞ்ச நேரம் கேட்டதாம். எங்கள் குப்பத்துப் போட்டுகளும் வீராம்பட்டினத்துப் போட்டுகளும் நாள் கணக்காகத் தேடின. அந்த நாட்களில் யாரும் தொழிலுக்குப் போகவில்லை.

நான் போக முடியவில்லை. என் குடியிருப்பு அட்டை காலாவதியாகி, புதியதற்கு விண்ணப்பித்திருந்தேன். விண்ணப்பித்ததற்கான ரசீதுகூட இன்னும் கைக்கு வரவில்லை. இந்த நிலையில் நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி உள்ளே விட மாட்டார்கள். என் கணவர் அந்துவான் புதுச்சேரியிலேயே உப்பளம் பகுதிக்காரர். அவர் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்ததால் அவர் கையில் பிறந்ததிலிருந்தே பிரெஞ்சுக் கடவுச்சீட்டு. அவர் அன்றே விமானம் ஏறினார். என் அப்பாவைத் தேடி என் ஊர்க் கரையில் நின்றவர் அவர். நான் இங்கே அரசு அலுவலகத்தின் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் நின்றேன்.

அவசரத்துக்குச் சான்று வேண்டும் என்றாள் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த பெண். "தந்தையின் இறப்புச் சான்றிதழ்?"

"உடல் கிடைக்கவில்லை."

"அப்படியானால் அவர் இறந்ததாகச் சொல்ல முடியாது, மேடம்."

அவள் கொடுமைக்காரி இல்லை. சட்டம் அப்படி. எங்கள் ஊர் அலுவலகத்திலும் அதையே சொன்னார்கள், ஏழு வருஷம் போகட்டும் என்று. இரண்டு அரசாங்கமும் என் அம்மாவும் ஒரே கட்சியில் இருந்தார்கள். காரியம் செய்ய வேண்டும் என்று வந்து நின்ற என் மாமாவிடம் அம்மா கேட்டாளாம்: "செத்தாருன்னு எவன் பாத்தான்? நீ பாத்தியா?" மாமா தலை குனிந்து போய்விட்டார். அம்மா பொட்டை அழிக்கவில்லை. தாலியைக் கழற்றவில்லை. மீன் தின்பதை மட்டும் நிறுத்தினாள்.

விற்பதை நிறுத்தவில்லை. அது தொழில். வாய்க்குத்தான் விலக்கு, கைக்கு இல்லை.

நான் போனில், "வரமுடியலம்மா" என்று அழுதபோது அவள் சொன்னது இதுதான்: "வந்து இன்னா பாக்கப்போற? பாக்கறதுக்கு இன்னா இருக்குது இங்க? புள்ளைக்குச் சோத்தப் போடு, போ."

4

அட்டை வந்தபின், கோடை விடுமுறையில், இனியாவோடு ஊருக்குப் போனேன்.

அம்மாவுக்குப் பெரிய மார்க்கெட்டில் இடம் உண்டு. கல் மேடை, அருவாமனை, ஒரு வாளித் தண்ணீர். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கேதான் போவேன். அம்மா மீன் அறுப்பதைப் பார்த்தவர்கள் அவள் கைக்கும் கண்ணுக்கும் சம்பந்தம் இல்லை என்பார்கள். கண் வாடிக்கையாளர் மேல் இருக்கும், வாய் பக்கத்துக் கடை பாக்கியம் அக்காவோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும். கை மட்டும் செதில் தட்டி, செவுள் பிடுங்கி, வயிற்றைக் கிழித்து, கட்டைவிரலை உள்ளே விட்டு ஒரே இழுப்பில் குடலை வாளியில் போடும். எல்லாம் ஒரு மூச்சில்.

அந்தக் கை மாறியிருந்தது.

நான் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் பெரிய கொடுவா வாங்கினார். அம்மா வயிற்றைக் கிழித்தாள். குடலை எடுத்தாள். வாளியில் போடவில்லை. கல்மேல் வைத்தாள். இரைப்பையைத் தனியாகப் பிரித்து, அருவாமனை நுனியில் கீறி, கட்டைவிரலால் அழுத்தி, உள்ளே இருந்ததை வெளியே தள்ளிப் பார்த்தாள். அப்புறம்தான் வாளிக்குப் போனது.

"இன்னாக்கா, குடலெல்லாம் எண்ணிக்கிட்டு இருக்கிற? எனக்கு பஸ்ஸு போயிடும்" என்றார் வாங்கியவர்.

"முட்ட இருக்குதான்னு பாக்கறேன்."

"இருந்தா குடு, இல்லன்னா வுடு."

"இருந்தாத்தான குடுக்க முடியும். நில்லுய்யா, நீ போய் ஓட்டப்போற பஸ்ஸா அது?"

பாக்கியம் அக்கா வாய் திறந்தால் மார்க்கெட்டே சிரிக்கும். அம்மாவை வம்புக்கு இழுக்காமல் அவளுக்கு ஒரு நாள் போகாது. அன்று அவள் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தன் தட்டில் இருந்த இறாலைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

அடுத்து ஒரு பாறை மீன். அதற்கும் அப்படியே. அடுத்து வஞ்சிரம். சின்ன மீன்களை மட்டும் பழையபடி வேகமாக அறுத்தாள்.

அப்பாவின் இடுப்பில் கறுப்புக் கயிற்றில் ஒரு வெள்ளித் தாயத்து இருந்தது. கல்யாணமான புதிதில் அம்மா கட்டியது. குளிக்கும்போதும் கழற்ற மாட்டார்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீரில் கையை அலசிக்கொண்டே, "வெயில்ல எதுக்கு உக்காந்துகிட்டிருக்கிற, வூட்டுக்குப் போ, புள்ள தேடும்" என்றாள்.

அந்த இரண்டு வாரத்தில் இனியா ஒரே ஒருமுறை வீட்டில் மீன் கேட்டாள். "ஆயா மீன் விற்கிறார்கள், நமக்கு ஏன் இல்லை?" என்று பிரெஞ்சில் என்னிடம். நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் அம்மாவுக்கு அது புரிந்துவிட்டது. பேத்திக்கு முட்டை பொரித்துக் கொடுத்தாள். சுறாவைப் பற்றி இனியா ஏதோ சொல்ல வந்தபோது, "ம், அந்த நாய் நல்லா இருக்குதா?" என்றாள். 'அந்த நாய்.' அப்பா போனதிலிருந்து அம்மா அதன் பெயரைச் சொன்னதில்லை. எனக்கும் அந்தப் பெயர் வாயில் வரும்போது ஒரு நொடி நிற்கும். வைக்கும்போது விளையாட்டாக வைத்த பெயர்.

5

மருத்துவரிடம் போய் வந்து பத்து நாள் நான் மீன் வாங்கவில்லை.

ஒரு வருஷம் முடிய இன்னும் சில வாரம்தானே, அதுவரை இழுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அரிசிக் கஞ்சியும் பரங்கிக்காயும் கொடுத்தேன். சுறா நக்கிவிட்டுப் படுத்துக்கொண்டது. நான் வேலை முடிந்து கதவைத் திறந்தால் ஓடி வந்து காலில் மோதும் நாய், இப்போது இருந்த இடத்திலிருந்தே வாலை ஒருமுறை தரையில் அடித்தது. இனியா பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அதன் பக்கத்தில் படுத்துக்கொண்டு காதுக்குள் பேசினாள். "எழுந்திருடா. தே, எழுந்திரு. உக்காரு வேணாம், சும்மா எழுந்திரு."

ஒரு நாள் நேராக வந்து என்னிடம் பிரெஞ்சில் கேட்டாள்: "நீ ஏன் அதற்கு மீன் கொடுக்கவில்லை? அது சாக வேண்டுமா உனக்கு?"

அந்துவான் என்னைப் பார்த்தார். "நா வாங்கி வந்து நானே வெட்டறேன். நீ ஆய்வுக்கூடத்துல இருக்கும்போது முடிச்சிடறேன். வாசன கூட இருக்காது" என்றார். நல்ல மனிதர். மீனை வாலிலிருந்து அறுக்க வேண்டுமா தலையிலிருந்தா என்பதே அவருக்குத் தெரியாது.

நான் அம்மாவுக்குப் போன் செய்தேன். நாய் இருக்கும் நிலையைச் சொன்னேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "வருஷம் முடியட்டும்னு பாக்கறேம்மா" என்றேன்.

அம்மா கேட்டாள்: "எத்தினி நாளா இப்படிக் கெடக்குது?"

சொன்னேன்.

"நாய்க்கு இன்னாடி வருஷமும் மாசமும்? அதுக்குப் பசிதான் தெரியும். வாங்கிப் போடு."

"வூட்டுக்குள்ள எப்படிம்மா..."

"நா தினமும் கையில தொடறேனே, இன்னா ஆயிடுச்சி எனக்கு? நீ வாயில வைக்காத, புள்ள வாயில வைக்காத. அவ்ளோதான. முழு மீனா வாங்கு. கடைக்காரன் கையில அறுக்கக் குடுக்காத. நீயே அறு. அறுக்கும்போது எனக்குப் போன் போடு."

சனிக்கிழமைச் சந்தைக்குப் போனேன். இங்கே மீன்கடையில் நிற்கும்போது என்னைவிடக் கர்வம் பிடித்தவள் ஒருத்தியைப் பார்க்க முடியாது. செவுளைத் தூக்கிப் பார்ப்பேன், கண்ணை அழுத்திப் பார்ப்பேன், வரிசையில் நிற்கும் வெள்ளைக்காரக் கிழவிகள் எனக்குப் பின்னால் நான் எடுத்த மீனையே கேட்பார்கள். அதெல்லாம் அப்பா போவதற்கு முன்னால். அன்று பனிக்கட்டியின் மேல் கானாங்கெளுத்தி நீலக் கோடு மின்னப் படுத்திருந்தது. அட்லாண்டிக்கில் பிடித்தது. ஒன்பது மீன் எடுத்தேன். கடைக்காரர் கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டே, "வயிற்றைக் காலி செய்து தரட்டுமா, மேடம்?" என்றார். எல்லோரிடமும் கேட்பதுதான்.

"வேண்டாம். அப்படியே கொடுங்கள்."

வீட்டில் அந்துவான் இனியாவையும் நாயையும் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போனார். நான் சன்னல்களைத் திறந்துவிட்டு, கழுவுதொட்டியில் மீன்களைக் கொட்டினேன். போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்து அம்மாவை அழைத்தேன். அங்கே சாயங்காலம். மார்க்கெட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் பொட்டு.

"காட்டு. ம், நல்ல மீனுதான். கானாங்கத்த. நம்ம ஊர்து மாதிரியே இருக்குது."

"நம்ம ஊர்த விடக் கொழுப்பு சாஸ்தி. குளிர் கடலு."

"எந்தக் கடலு அது?"

"அட்லாண்டிக்கும்மா."

அவள் அந்தப் பெயரை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அது நம்ம கடலோட வந்து சேருதா?"

நான் கத்தியைப் பிடித்தபடி நின்றேன்.

"இன்னாடி பாக்கற? நீதான படிச்சவ. சின்னதுல உலகப் படத்துல நீலக் கலர் அடிச்சிக்கினு எனக்கு வெரல் வச்சிக் காட்டுவியே. சேருதா, சேரலியா?"

எங்கள் குடும்பத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆப்பிரிக்காவின் அடியைச் சுற்றிக்கொண்டு வந்தால் இந்துமாக் கடல். அங்கிருந்து இலங்கையைச் சுற்றினால் நம் கரை. படத்தில் எங்கும் ஒரு கோடு குறுக்கே கிடையாது. நீலம் மட்டும்தான்.

"சேருதும்மா" என்றேன்.

"அப்படின்னா பாத்து அறு."

கானாங்கெளுத்தி வாய்க்குள் ஒரு தாயத்து நுழையாது என்பது எனக்குத் தெரியும். ஒரு மீன் அவ்வளவு தூரம் வராது என்பதும் தெரியும். நான் உயிரியல் படித்தவள். வயிற்றைக் கிழித்தேன். கட்டைவிரலை விட்டு இழுத்தேன். கை மறக்கவில்லை. இரைப்பையைப் பிரித்து, கீறி, அழுத்தினேன். பாதி கரைந்த பொடி மீன்கள். கூனி இறால்போல் ஏதோ ஓடு.

"இன்னா இருக்குது?"

"பொடிம்மா. கூனி."

"ம். அடுத்தது."

அடுத்ததையும் பார்த்தேன். அடுத்ததையும். அவள் திரையில் முகத்தை நெருக்கிக்கொண்டு வந்ததில் நெற்றியும் பொட்டும் மட்டும்தான் தெரிந்தன. கடைசி மீனில் ஒன்றுமே இல்லை, வெறும் பை.

"ஒண்ணும் இல்லம்மா."

"சரி" என்றாள். "கழுவி வை. முள்ளு பெருசா இருந்தா எடுத்துடு, நாய் தொண்டையில மாட்டிக்கும்." அவள் குரலில் ஏமாற்றம் இருந்ததா என்று கேட்டால், இல்லை. ஒரு நாள் வேலை முடிந்த குரல்தான் இருந்தது.

6

பச்சை மீனை உடனே கொடுக்கக் கூடாது. புழு சாக ஒரு வாரம் உறைய வைக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நம் ஆட்களுக்கு ஐஸ் மீன் என்றாலே இளக்காரம். நானும் மனமில்லாமல்தான் வைத்தேன். அடுத்த ஞாயிறு காலையில் ஒரு மீனை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து இளகவிட்டு, பொடியாக நறுக்கித் தட்டில் வைத்தோம்.

சுறா வந்து முகர்ந்தது. நக்கியது. ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு கூடத்து விரிப்புக்குப் போனது. தின்னவில்லை. அதைக் கீழே போட்டு, அதன்மேல் மல்லாந்து புரண்டது.

"தின்னறதுக்குக் குடுத்தா சென்ட்டு போட்டுக்குது" என்றார் அந்துவான். பச்சை மீனை அதுவரை கண்டிராத நாய்க்கு இது சாப்பாடு என்று எப்படித் தெரியும்?

இனியா அழ ஆரம்பித்தாள். வழக்கமான ஞாயிறு அழைப்பு வந்தது அப்போதுதான். அவள் போனை எடுத்து, தட்டையும் நாயையும் அம்மாவுக்குக் காட்டினாள். "ஆயா, தின்ன மாட்டேங்குது!" தமிழில்தான் சொன்னாள். அவசரத்தில் அவளுக்கே தெரியவில்லை.

"அழுவாத. கைல எடுத்து நீட்டு. பேர் சொல்லிக் கூப்புடு."

இனியா விரலில் ஒரு துண்டை நீட்டி அழைத்தாள். நாய் பார்த்தது, வரவில்லை.

"போனக் கிட்ட புடி" என்றாள் அம்மா. தொண்டையைச் செருமினாள். கரையில் நின்று போட்டுக்காரர்களைக் கூப்பிடும் அந்தக் குரலில், அப்பா போனதிலிருந்து சொல்லாத பெயரைச் சொன்னாள்.

"டேய் சுறா! வா இங்க. தின்னு."

நாய் எழுந்தது. காதுகளைத் தூக்கிக்கொண்டு போன்வரை வந்தது. போனுக்குப் பின்னால் போய் ஒருமுறை பார்த்தது. யாரைத் தேடியது என்று எங்களுக்குத் தெரியும். யாரும் இல்லை என்று திரும்பி வந்து, இனியாவின் விரலிலிருந்த துண்டை வாங்கிக்கொண்டது. மென்றது. அடுத்ததைக் கேட்டது.

திரையில் இப்போது அம்மாவின் முகம் இல்லை. எங்கள் ஊர் வீட்டின் கூரை ஓடும் விட்டமும் தெரிந்தன. போனைக் கீழே வைத்துவிட்டிருந்தாள்.

7

வருஷம் முடிந்துவிட்டது. இந்த வாரத்தில்தான். மாமா மறுபடி போய் அம்மாவிடம் கேட்டார். "நீ போய்ட்டு அப்புறமா வா" என்று அனுப்பிவிட்டாள். முறைப்படி இனி எங்கள் வீடுகளில் மீன் சமைக்கலாம். அம்மா சமைக்கவில்லை. நானும் சமைக்கவில்லை.

சுறா தேறிவிட்டது. உடல் வைத்திருக்கிறது, முடி அடர்ந்து வந்திருக்கிறது. மருத்துவர் அதன் விலாவைத் தடவிவிட்டு என்னைப் பாராட்டினார், வழக்கமான வேகத்தில், மெதுவாகச் சொல்லாமல். இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்டினால் போதும். நாய் மீன் மட்டும்தான் தின்கிறது, ஆகவே சனிதோறும் சந்தைக்குப் போகிறேன். கடைக்காரர் இப்போது என்னிடம் எதுவும் கேட்பதில்லை. கத்தியைத் தொடாமல் முழு மீன்களாகவே தாளில் சுற்றித் தருகிறார்.

நேற்றுக் கழுவுதொட்டியில் அறுத்துக்கொண்டிருந்தேன். இனியா வந்து ஸ்டூலைப் போட்டு ஏறி என் பக்கத்தில் நின்றாள். சுறா கீழே, எங்கள் இருவரின் கால்களுக்கு நடுவில். நான் ஒவ்வொரு குடலையும் ஓரமாக வைத்து, கீறி, விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்ததை அவள் சத்தமில்லாமல் கவனித்தாள்.

"இன்னாம்மா தேடற?" என்றாள், நாயிடம் பேசும் தமிழில்.

"முட்ட இருக்குதான்னு பாக்கறேன்" என்றேன்.